ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்தீர்கள்? சுங்கை சிப்புட் (பேராக், மலேசியா) வட்டாரத்தினர் அனுபவங்கள்

கலா, சுங்கை சிப்புட்

மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தவர் ஆஸ்பத்திரியில் தெளிந்து வீட்டுக்கு வருகிறார், மருந்தும் எடுக்கிறார், ஆனாலும் சில மாதத்தில் மறுபடி முற்றிவிடுகிறது. ஏன்? எங்கள் சொந்தத்தில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ராகு திசை, யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், கூட்டாளிகள் சரியில்லை. வீட்டுக்குள் பேசுகிற விதத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று எங்களிடம் முதன்முதலில் சொன்னவர் ஒரு பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவி. அதைத்தான் எழுதப் போகிறேன், உங்கள் வீட்டில் நடந்ததையும் கீழே சொல்லுங்கள்.

நாங்கள் தோட்டத்தில் பிறந்தவர்கள். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகு லயத்தை (தோட்டத்து வரிசை வீட்டை) விட்டு டவுன் பக்கத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். தம்பி ஈப்போவில் ஏர்கோன் பொருத்துகிற வேலையில் இருந்தபோது அவனுக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது. பிறகு நடந்ததெல்லாம் இங்கே பலருக்கும் தெரிந்த கதைதான், விரித்துச் சொல்லவில்லை. இப்போது மாதம் ஒருமுறை ஊசி. அந்த ஊசிக்காக அம்மா அவனோடு கிளினிக்கில் காத்திருந்த ஒருநாள் அந்த மாணவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து தமிழிலேயே பேசினார். விருப்பம் இல்லையென்றால் வேண்டாம், சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தம்பியின் சிகிச்சை மாறாது என்று விளக்கிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தனி அறைக்குக் கூட்டிப்போய்க் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "உங்க மகன் எப்படிப்பட்டவர், ரெண்டு பேரும் எப்படிப் பழகுறீங்க, அஞ்சு நிமிஷம் உங்க இஷ்டத்துக்குச் சொல்லுங்கம்மா, நான் குறுக்கே பேச மாட்டேன்."

அம்மா கொஞ்சம் தயங்கிவிட்டுப் பேசினார். நல்ல பையன், திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டுவது அவன்தான், யாரையும் எதிர்த்துப் பேச மாட்டான். இப்போது பத்து மணிவரை தூங்குகிறான், குளி என்று சொன்னால்தான் குளிக்கிறான், சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைப்பதில்லை, முழுச் சோம்பேறி ஆகிவிட்டான். நான் இல்லாவிட்டால் இவன் கதி என்ன, இவனை விட்டுவிட்டு ஒரு கல்யாண வீட்டுக்குக்கூட நான் போவதில்லை. இப்படிச் சொல்லிக்கொண்டே வந்து கடைசியில் அழுதுவிட்டார். மகனைப் பற்றிப் பேசுங்கள் என்று அத்தனை வருஷத்தில் யாரும் அவரிடம் கேட்டதில்லை. டாக்டர் கேட்பதெல்லாம் தூங்குகிறானா, மருந்து எடுக்கிறானா, அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்த பிறகு அம்மா விடாமல் கேட்டதால் மாணவி விளக்கினார். 1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளரும் உடன் இருந்தவர்களும் மனநல மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களைவிட, வாடகை அறைக்கோ அண்ணன் தம்பி வீட்டுக்கோ போனவர்கள் நன்றாக இருந்தார்கள். அவ்வளவு பாசம் இல்லாத இடத்தில் எப்படி நன்றாக இருக்க முடியும் என்று தோண்டிப் பார்த்தபோதுதான் வீட்டுப் பேச்சைக் கவனிக்க ஆரம்பித்தார்கள். குறை சொல்லிக்கொண்டே இருப்பது, வெறுப்பைக் காட்டுவது, அளவுக்கு மீறிப் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்வது, இந்த மூன்றும் அதிகமாக இருந்த வீடுகளில் நோய் சீக்கிரம் திரும்பியது. 1976இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், அப்படிப்பட்ட வீட்டில் வாரத்துக்கு 35 மணி நேரத்துக்கு மேல் முகத்துக்கு முகம் ஒன்றாக இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல் என்று தெரிந்தது. பிறகு சண்டிகரிலும் செய்து பார்த்தார்கள். லண்டனை விட அங்கே குறை சொல்லும் குடும்பங்கள் குறைவாக இருந்தன.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ளக் கூடாது. குடும்பத்தால் நோய் வருகிறது என்று யாரும் சொல்லவில்லை. தாய் வளர்த்த விதத்தால் மனச்சிதைவு வருகிறது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள், அது எப்போதோ கைவிடப்பட்ட கருத்து. இவர்கள் சொல்வது நோய் திரும்புவதைப் பற்றி மட்டும்தான். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. குடும்பத்தார் குறை சொல்வதில் பெரும்பகுதி குரல் கேட்பதையோ சந்தேகப்படுவதையோ பற்றி இல்லையாம். எழுந்திருக்கவில்லை, குளிக்கவில்லை, பேசவில்லை, வேலைக்குப் போகவில்லை, இதைப் பற்றித்தான். அதுவும் நோயின் ஒரு பகுதிதான், மருந்தின் அசதி வேறு அதோடு சேர்ந்துகொள்கிறது. அம்மாவுக்கு இது தெரிந்த அன்றிலிருந்து "சோம்பேறி" என்ற சொல் எங்கள் வீட்டில் இல்லை.

அப்பா காலையில் ஏழு மணிக்குக் கதவைத் தட்டிச் சத்தம் போடுவதை நிறுத்தினார். ஒரு நேரத்தில் ஒரு வேலை மட்டும் சொல்கிறோம், செய்யாவிட்டால் சாயங்காலம் இன்னொரு தடவை. அம்மா கோயில் பஜனைக்குப் போகிறார், தம்பி மதியத்துக்கு மேல் மாமாவின் மோட்டார் பட்டறையில் இருக்கிறான், அந்த 35 மணிக் கணக்கு தானாகக் குறைந்துவிட்டது. ஊசி ஒருமுறைகூடத் தவறவில்லை. ஊசி இல்லாமல் பேச்சை மட்டும் மாற்றினால் போதும் என்று நான் சொல்லவில்லை.

ராஜூ, லிந்தாங் ரோடு

கலா அக்கா, படித்து முடித்ததும் என் சின்னத்தை ஞாபகம்தான் வந்தது. அவருக்கு முதலில் பார்த்த வைத்தியம் கோயில்தான். தோட்டத்து முனியாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம், கயிறு, சாமியாடி வாக்கு. அப்புறம் யாரோ சொல்லி ஒரு போமோவிடம் (மலாய் மந்திர வைத்தியர்) போய் நகை அடகுக்குப் போனது. இதையெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் முனியாண்டி கோயிலில் இருந்தவரை சின்னத்தை உண்மையிலேயே கொஞ்சம் அமைதியாக இருந்தார். வாசல் கூட்டுவார், பூக் கட்டுவார். அங்கே அவரை யாரும் திட்டியதில்லை.

பின்னாளில் இதே விஷயத்தில் ஓர் ஆராய்ச்சி இருப்பது தெரிந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் என்ற ஊரில் முத்துசாமி கோயில் என்று ஒன்று இருக்கிறது, மனநோய் உள்ளவர்களைக் குடும்பத்தோடு அங்கே கொண்டுவந்து தங்கவைப்பார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆராய்ச்சியாளர்கள் அங்கே வந்த 31 பேரை, வந்த அன்றும் கிளம்பும்போதும் மதிப்பிட்டு 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியிருக்கிறார்கள், மருந்து இல்லை, பெரிய சடங்கும் இல்லை, கோயில் வேலைகளில் கலந்துகொண்டார்கள், அவ்வளவுதான். நோயின் கடுமை கிட்டத்தட்ட 20 விழுக்காடு குறைந்திருந்தது. பயமுறுத்தாத, ஆதரவான இடம் கிடைத்ததுதான் காரணமாக இருக்கும் என்பது அவர்கள் கருத்து. 31 பேர் மட்டுமே, ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழுவும் இல்லை, அதனால் கோயிலே போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதிய லண்டன் விஷயமும் இதுவும் ஒரே பக்கம்தான் கைகாட்டுகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே தமிழ்நாட்டில்தான் ஏர்வாடியும் இருக்கிறது. தர்காவில் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த ஒரு காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் தீப்பிடித்து 28 பேர் இறந்துபோனார்கள். கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, எங்கள் லயத்தில் பின்கட்டு அறையில் பூட்டி வைக்கப்பட்ட ஒருவரைச் சின்ன வயதில் நான் பார்த்திருக்கிறேன். சாமி கும்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டாம். கட்டிவைக்கச் சொல்கிற, மருந்தை நிறுத்தச் சொல்கிற இடம் எதுவாக இருந்தாலும் அங்கே ஒரு ராத்திரிகூடத் தங்கவைக்காதீர்கள். எங்கள் பூசாரி நல்ல மனுஷர். விபூதி கொடுத்துவிட்டு, "மாத்திரை போட்டாச்சாம்மா?" என்று அவரே கேட்பார். சின்னத்தை இப்போதும் வெள்ளிக்கிழமை பூக் கட்டப் போகிறார்.

பெயர் வேண்டாம்

நோயாளியே எழுதுகிறேன். மேலே எல்லாரும் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நாங்களும் கொஞ்சம் பேச வேண்டும்.

சோம்பேறி என்கிறார்களே, அது உள்ளே எப்படி இருக்கும் என்றால், எழுந்து பல் விளக்க வேண்டும் என்று தெரியும், உடம்பும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கரண்ட் இல்லாத மாதிரி. அதற்கு மேல் கை நடுக்கம், எடை கூடுவது, வாய் உலர்வது. நடுக்கத்தை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றித் தருவார்கள், நான் சொன்ன பிறகுதான் மாற்றினார்கள், அதனால் தயவுசெய்து வாய்விட்டுச் சொல்லுங்கள், தானாக நிறுத்திவிடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் சின்னச் சண்டை வந்தாலும் "இவன தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்பார்கள். அங்கே இருக்கும் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை 1911இல் தொடங்கியது, நூறு வருஷத்துக்கு மேலாகப் பேராக் மக்கள் அந்த ஊர்ப் பெயரையே வசவாக வைத்திருக்கிறார்கள். அதைக் காதில் கேட்டு வளர்ந்தவன் தனக்கு நோய் வந்தால் எப்படி வெளியே சொல்வான்? நான் சொல்லாமல் மறைத்த காலம்தான் எனக்கு அதிகமாகக் கெடுதல் செய்தது.

ஆராய்ச்சி பற்றி. கலா அக்காவுக்குக் கிடைத்த மாணவி போல எல்லாரும் இல்லை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள் பக்கம் பக்கமாகக் கேள்வித்தாளை நிரப்ப வைத்து, ஒரு டவலும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்ன கண்டுபிடித்தார்கள் என்று திரும்பி வந்து சொல்லவே இல்லை. எங்கள் வாழ்க்கையை எடுத்துக்கொண்டு போகிறவர்கள் முடிவையாவது எங்களிடம் சொல்ல வேண்டும், இது எங்களுக்குச் சேர வேண்டியது. சுகாதார அமைச்சின் மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ நடக்கும் ஆய்வென்றால் தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும், அமைச்சின் நெறிமுறைக் குழு அனுமதியும் வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். பாதியில் வேண்டாம் என்று தோன்றினால் விலகிக்கொள்ளலாம், அதற்காக யாரும் மருந்தைக் குறைக்க முடியாது.

ஆனால் ஆராய்ச்சியால் எனக்கு நல்லதும் நடந்திருக்கிறது. மெந்தாரி என்ற அமைச்சின் சமூக மனநல மையம் வழியாக எனக்கு வேலை கிடைத்தது. முழுதாகக் குணமாகு, பயிற்சி எடு, அப்புறம் வேலை பார்க்கலாம் என்றுதான் முன்பெல்லாம் சொல்வார்கள். அமெரிக்காவில் 1990களில் ராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் என்ற இருவர் இதைத் திருப்பிப் போட்டார்கள். வேலை செய்ய ஆசை இருந்தால் போதும், முதலில் உண்மையான சம்பள வேலையில் சேர்த்துவிட்டு அங்கேயே பக்கத்தில் நின்று உதவுவது. பல நாடுகளில் சோதித்தபோது பழைய முறையைவிட இதில் ஏறக்குறைய இரண்டு மடங்கு பேர் வேலையில் சேர்ந்தார்கள். எனக்கு டோபிக் கடையில் துணி மடிக்கிற வேலை. குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. அது கேட்கும்போதே துணி மடிக்கிறேன், மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிறேன், போன தீபாவளிக்கு அம்மாவுக்குப் புடவை என் காசில்.

மகளின் அம்மா

தம்பி, உங்கள் எழுத்தைப் படித்து அழுதுவிட்டேன். என் மகளுக்கு ஓகேயூ கார்டு (மாற்றுத்திறனாளி அட்டை) எடுக்கச் சொல்கிறார்கள். எடுத்தால் கல்யாணம் நடக்காது என்று சொந்தக்காரர்கள் தடுக்கிறார்கள். யாருக்காவது தெரியுமா?

ஓய்வுபெற்ற மிஸ்ஸி (நர்ஸ்)

அம்மா, கார்டு கட்டாயமில்லை, விருப்பம் இருந்தால்தான். சமூகநல இலாகாவில் விண்ணப்பம், மனநோய்க்கு என்றால் மனநல மருத்துவர் எழுதித் தர வேண்டும், அவரிடம் சில காலம் சிகிச்சையில் இருந்தவர்களுக்குத்தான் எழுதுவார்கள். அரசாங்க மருத்துவமனைக் கட்டணம் இல்லாமல் போகும், வேலை தேடும்போதும் பயன்படும். கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடக்கப் போவதில்லையே, பையில்தான் இருக்கும். சொந்தக்காரர்களுக்காகத் தள்ளிப் போடாதீர்கள். ராத்திரி நேரத்தில் மனசு தாங்கவில்லை என்றால், மகளுக்கோ உங்களுக்கோ, 15555 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள், அமைச்சு 2022இல் தொடங்கிய உதவி எண் அது.

எல்லாருக்கும் இன்னொன்று. சென்னையில் சாரதா மேனன் அம்மையார் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து காஞ்சிபுரம், கோவா, சதாரா மூன்று இடத்திலும் ஓர் ஆய்வு செய்தார்கள், 2014இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. மனச்சிதைவு உள்ள 282 பேர். அதில் பெரும்பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சையோடு, பயிற்சி கொடுத்த உள்ளூர் ஆட்களை வீட்டுக்கே அனுப்பினார்கள். டாக்டர் இல்லை, மிஸ்ஸி இல்லை, ஊர்க்காரர்கள்தான். மருந்தை நினைவுபடுத்துவது, குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது, வெளியே கூட்டிப் போவது. ஒரு வருஷத்தில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றவர்களைவிட இவர்களுக்கு ஓரளவு முன்னேற்றம் கூடுதல். பெரிய அதிசயம் இல்லை, ஓரளவுதான், அதுவும் காஞ்சிபுரத்தில்தான் பலன் நன்றாகத் தெரிந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் (மருத்துவ உதவியாளர்) காலத்தில் லயம் லயமாகப் போய்ப் பார்த்த ஆள் நம்மிடம் இருந்தார், தோட்டம் உடைந்து தாமானுக்கு வந்த பிறகு வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்க யாரும் இல்லை. நான் இன்னும் நடமாட்டமாக இருக்கிறேன். கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் தருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார், குடும்பத்தார் மட்டும் முதலில் கூடலாம். ராஜூ, அந்தப் பூசாரியையும் கூட்டி வாருங்கள்.

ராஜூ, லிந்தாங் ரோடு

கூட்டி வருகிறேன் மிஸ்ஸி. கலா அக்கா, ஒரு சந்தேகம். தம்பி குரல் கேட்கிறது என்று சொல்லும்போது வீட்டில் என்ன பதில் சொல்வீர்கள்? எங்கள் மாமா "ஒண்ணும் கேக்கல, சும்மா இரு" என்பார், சின்னத்தை இன்னும் பதற்றமாகிவிடுவார்.

கலா, சுங்கை சிப்புட்

ராஜூ, இல்லை என்று வாதாடுவதில்லை, ஆமாம் எனக்கும் கேட்கிறது என்று பொய்யும் சொல்வதில்லை. "எனக்குக் கேக்கலடா, உனக்குக் கேக்குதுன்னு தெரியுது, பயமா இருக்கா?" என்று கேட்போம். பயமாக இருந்தால் பக்கத்தில் உட்காருவோம், டிவி சத்தத்தைக் குறைப்போம், சில நேரம் காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு படுத்துக்கொள்வான். குரல் தன்னையோ பிறரையோ காயப்படுத்தச் சொல்கிறதா என்று மட்டும் நேராகக் கேட்டுவிடுவோம். ஆமாம் என்றால் அன்றே ஆஸ்பத்திரி, அடுத்த தேதிவரை காத்திருப்பதில்லை. மாமாவையும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லுங்கள், அப்பா அவரிடம் பேசுவதாகச் சொல்கிறார்.