பெரிய மண்டபத்துக்கு என்ன லைட்டு எடுக்கலாம்ணே?

டிஜே_திருமங்கலம்:
வணக்கம்ணே. ரெண்டு வருஷமா திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் காதுகுத்து, பர்த்டே, சின்ன ரிசப்ஷன்னு டிஜே பண்றேன். கையில இருக்கறது 54 பல்பு எல்இடி பார் (PAR, கலர் அடிக்கிற டப்பா லைட்டு) நாலு, ஒரு ஸ்ட்ரோப் (பளிச் பளிச்னு வெட்டுற லைட்டு), அம்புட்டுதான். மொட்டை மாடின்னா சும்மா தெறிக்கும். போன மாசம் மதுரை ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு மண்டபம், 100 அடி நீளம் 60 அடி அகலம் இருக்கும், கூரையே 20 அடிக்கு மேல, அதே நாலையும் போட்டேன், மேடையைத் தாண்டி ஒண்ணும் தெரியல. பொண்ணோட தாய்மாமா வந்து "ஏப்பா, லைட்டு இன்னும் போடலையா"ன்னு கேக்குறாரு. எல்லாம் எரிஞ்சுக்கிட்டுதான் இருந்துச்சு. ஆவணியில இதே மாதிரி மூணு மண்டபம் புக் ஆயிருக்கு, பட்ஜெட் ஒண்ணரை லட்சம். எல்லாரும் ஷார்பி வாங்குன்றாய்ங்க, அதான் ஒல்லியா கோடு மாதிரி பீம் அடிச்சு சுத்துற லைட்டு. அதுல 7ஆர் பல்பு போட்டது நாலு எடுத்துரவா?

பழைய_மைக்செட்டு:
தம்பி, காசை எடுக்கறதுக்கு முன்னாடி மண்டபத்து மேனேஜரைப் புடிச்சு ஆடுற பக்கம் ட்யூப் லைட்டை அமத்தச் சொல்லுங்க. அது எரியிற வரைக்கும் நீங்க எதை வாங்கினாலும் வீண்தான். பந்திக்குப் போற வழி மட்டும் எரியட்டும், பெருசுக தடுக்கி விழுந்துறக் கூடாது.

அடுத்து டிகிரி, அதாவது வெளிச்சம் எவ்வளவு விரியுதுன்னு பாத்து வாங்கணும், இதை கடைக்காரன் சொல்ல மாட்டான். தூரம் டபுள் ஆனா வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாயிரும். 25 டிகிரி பார் 30 அடியில 13 அடி வட்டம் போடும், 45 டிகிரின்னா 25 அடி வட்டம், அதே வெளிச்சம் மூணு மடங்குக்கு மேல பரவி வெளுத்துப் போயிரும். உங்களுக்கு நடந்தது இதுதான். நான் 18 பல்பு 12 வாட் பார் எட்டை சுவரோரமா தரையில நிக்க வச்சு மேல பாத்து அடிப்பேன், வெள்ளைச் சுவரு கலர் மாறுனா மண்டபமே வேற மாதிரி ஆயிரும்.

ஷார்பி நல்லாத்தான் இருக்கும், ஆனா காத்துல புகை இல்லன்னா எதிர் சுவத்துல ஒரு புள்ளி ஓடும், அவ்வளவுதான். மொதல்ல நல்ல ஹேஸ் மெஷின், காத்துல மெல்லிசா புகை பரப்புறது. ஏசி மண்டபம்னா ஸ்மோக் டிடெக்டர் இருக்கான்னு கேட்டுக்கோங்க. ஒருக்கா பெடஸ்டல் ஃபேனைத் திருப்பி வச்சுட்டாய்ங்க, புகை பூரா பந்திக்குப் போயி, சமையல்காரர் கரண்டியோட வந்துட்டாரு.

ஜென்செட்_பங்காளி:
அண்ணே சொன்னதுல ஒண்ணு விட்டுட்டாரு. 7ஆர்ல இருக்கறது டிஸ்சார்ஜ் பல்பு. கரண்டு போயி ஜெனரேட்டர் மாத்துற ரெண்டு நிமிஷத்துல எல்லாம் வந்துரும், அது மட்டும் சூடு ஆறுற வரைக்கும் திரும்ப எரியாது, பத்து நிமிஷம் கூட ஆகும். மாப்பிள்ளை என்ட்ரில இது நடந்தா நீங்க காலி. எல்இடி பீம்னா அந்தத் தொல்லை இல்ல. நாலு 7ஆர் சேந்து 1200 வாட்டுக்கு மேல இழுக்கும், சவுண்டு லைனோட சேக்காதீங்க. பாருக்கு வச்சிருக்கற டி ஸ்டாண்டுல அதை ஏத்தவே ஏத்தாதீங்க, வெயிட்டு தாங்காது. எங்க தொங்க விட்டாலும் சேஃப்டி செயின் கட்டாயம்.

டிஎம்எக்ஸுக்கு, அதான் லைட்டுகளை கண்ட்ரோல் பண்ற சிக்னல் லைனுக்கு, மைக் கேபிளைப் போட்டா கொஞ்ச தூரம் ஓடும், பெரிய மண்டபத்துல லைட்டு தானா துடிக்கும். டிஎம்எக்ஸ் கேபிளே வாங்குங்க, கடைசி லைட்டுல 2வது பின்னுக்கும் 3வது பின்னுக்கும் நடுவுல 120 ஓம் ரெசிஸ்டர் வச்ச ப்ளக் மாட்டுங்க.

வீடியோக்காரன்:
எங்க கஷ்டத்தையும் கேளுங்க. மலிவு எல்இடில டிம் பண்ணா வீடியோவுல கோடு கோடா ஓடும், வாங்குறப்ப பாதி டிம்ல வச்சு கேமராவுல பாத்துருங்க. தாலி கட்டுன புதுப் பொண்ணு மூஞ்சில நீலமும் ரோஸும் அடிக்காதீங்கய்யா, மேடைக்கு வார்ம் ஒயிட் போதும். லேசர் மட்டும் வேணவே வேணாம், லென்ஸ்ல நேரா பட்டா சென்சார் போயிரும், கண்ணுக்கும் ஆபத்து.

டிஜே_திருமங்கலம்:
நன்றிண்ணே எல்லாருக்கும். அப்ப எட்டு பார், ஒரு ஹேஸ், கேபிளுன்னு போயிர்றேன், பீம் கேட்டா எல்இடில ரெண்டு வாடகைக்கு எடுத்துக்கறேன். சுவரோரம் ப்ளக் பாயிண்ட் இல்லன்னா ஒயரை எங்கிட்டு இழுப்பீங்க? நடையில போட்டா மண்டபத்துக்காரர் திட்றாரு.

பழைய_மைக்செட்டு:
சுவத்தை ஒட்டியே இழுத்து டேப் அடிங்க, வாசப்படி குறுக்க வந்தா மேல ரப்பர் மேட்டு. எட்டுல ரெண்டு பேட்டரி பாரா எடுத்துருங்க, அந்த வாசலுக்கே வச்சுக்கலாம்.