எஞ்சினைக் கழுவிய மறுநாளே வண்டி குலுங்குகிறது, மஞ்சள் விளக்கு சிமிட்டுகிறது: என்ன செய்வது?

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் கார், நான்கு சிலிண்டர், 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பானெட்டைத் திறந்தால் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடை அடையாக அப்பியிருந்தது. நேற்று மாலை பைபாஸ் ஓரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டேன். ஓடி வந்த சூடு ஆறுவதற்குள் அங்கிருந்த பையன் டீசலை அடித்தான். அதன்மேல் சோப்புத் தண்ணீர். பிறகு சக்கரத்துச் சேற்றைக் கழுவும் அதே துப்பாக்கியை எஞ்சினுக்குள் நீட்டிவிட்டான். முடிந்ததும் மெருகுக்கு என்று மறுபடியும் டீசல் தெளித்தான். புது வண்டி போலப் பளபளத்தது, நானும் மகிழ்ந்துபோய் இருபது ரூபாய் கூடக் கொடுத்தேன்.

வீடு வரும்வரை ஒரு குறையும் இல்லை. இன்று காலை ஸ்டார்ட் செய்தால் நடுக்கம். நிற்கும்போது ஸ்டியரிங்கே உதறுகிறது, மிதித்தால் இழுவை இல்லை, எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிகிறது. வெள்ளிக்கிழமை மாமனாரை ஏற்காட்டிலிருந்து கண் பரிசோதனைக்குக் கீழே அழைத்து வர வேண்டும். வண்டி மலை ஏறுமா?

கருப்பூர் லாரிக்காரர்:
முப்பது வருடமாக லாரி எஞ்சினை டீசல் அடித்துத்தான் கழுவுகிறோம், ஒன்றும் ஆனதில்லை. தண்ணீர் எங்காவது தங்கியிருக்கும். அடிவாரத்திலிருந்து இரண்டு கொண்டை ஊசி வளைவு ஏற்றுங்கள், சூட்டில் தானாகக் காய்ந்துவிடும்.

குகை மெக்கானிக்:
லாரிக்கார அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் லாரி டீசல் வண்டி, அதில் பொறி விட்டுப் பற்ற வைக்கும் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. தம்பியின் வண்டி பெட்ரோல். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்க முடியாது.

தம்பி, முதலில் சாவியை எடுத்து உள்ளே வையுங்கள். அந்த விளக்கு நிலையாக எரிந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடலாம். சிமிட்டினால், ஏதோ ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அங்கே புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் அந்தப் பெட்ரோல் எரிந்து, அதைச் சூட்டிலேயே கெடுத்துவிடும். இருபது கொண்டை ஊசி வளைவையும் இப்படியே ஏறினால், ஒரு மணி நேர வேலையில் முடிய வேண்டியது பெரிய செலவாகிவிடும்.

காரணம் அநேகமாக இதுதான். உங்கள் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் ஒரு குழிக்குள் இருக்கும். அதன் தலையில், பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயில் உட்கார்ந்திருக்கும். காயிலின் ரப்பர், மழைத் தூறலைத் தாங்கும். அழுத்தித் துப்பும் தண்ணீரைத் தாங்காது. உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியில்லாமல் குழியிலேயே நிற்கும். கரண்ட் பிளக்கின் முனைக்குப் போகாமல் ஈரத்தின் வழியாக இரும்புக்குத் தாவிவிடும். நேற்று மேலே நின்ற ஈரம் இரவில் கீழே இறங்கியிருக்கும், அதனால்தான் காலையில் தெரிந்தது.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
எனக்கும் போன மழைக்காலத்தில் இதே நடுக்கம் வந்தது. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரில் பி 0303 என்று காட்டியது. கடைசி எண்தான் சிலிண்டர் எண் என்று சொன்னார்கள், மூன்றாவது காயிலைக் கழற்றினால் குழியில் ஒரு மூடி அளவு தண்ணீர். பி 0300 என்று வந்தால் எந்தச் சிலிண்டர் என்று குறிப்பாகச் சொல்லாதாம். காயில் போய்விட்டது, நான்கையும் மாற்றுங்கள் என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் காய வைத்துப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
சாவியை எடுத்துவிட்டேன். வீட்டிலேயே காய வைக்க முடியுமா அண்ணா? பத்தாம் எண் ஸ்பேனர் இருக்கிறது. ஹேர் டிரையர் மனைவியிடம் இருக்கிறது, கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

குகை மெக்கானிக்:
ஹேர் டிரையர் மேலோட்டமான ஈரத்துக்குத்தான். குழிக்குள் நிற்கும் தண்ணீருக்குக் காற்று வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடைக்காரரை கம்ப்ரசரோடு வரச் சொல்லுங்கள், அல்லது வண்டியைத் தள்ளிக்கொண்டு போங்கள். ஆனால் முதலில் அந்த டாங்க்கின் அடியில் இருக்கும் குழாயைத் திறந்து தண்ணீரை வடிக்கச் சொல்லுங்கள். வடிக்காத கம்ப்ரசர் காற்றோடு தண்ணீரையும் சேர்த்துத் துப்பும், போன சனியனைத் திரும்ப அழைத்து வந்த கதையாகிவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். காயிலின் பிளாஸ்டிக் கிளிப்பை அழுத்திக்கொண்டு இழுங்கள், வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். போல்ட்டை எடுத்துவிட்டு, காயிலை இடமும் வலமும் லேசாகத் திருகியபடி மேலே எடுங்கள். இனிமேல்தான் முக்கியம்: பிளக்கைத் தொடாதீர்கள். பிளக் இருக்கும்போதே குழிக்குள் காற்றை அடியுங்கள். அவசரப்பட்டுப் பிளக்கைக் கழற்றினால், குழியில் நிற்கும் தண்ணீரும் மண்ணும் நேராகச் சிலிண்டருக்குள் விழும். காற்று அடிக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், எல்லாம் மேலே தெறிக்கும்.

காயில் ரப்பரின் உள்ளே துணி நுனியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். ரப்பரில் முடிபோல வெள்ளைக் கோடோ கருகலோ தெரிந்தால் அந்த ரப்பரை மாற்ற வேண்டும். திரும்பப் போடும்போது வாயோரம் சிலிக்கான் கிரீஸ் ஒரு பயறு அளவு போதும்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
புதன் இரவு எழுதுகிறேன். வண்டி சரியாகிவிட்டது! இரண்டாவது குழியில்தான் தண்ணீர். பஞ்சர் கடைத் தம்பி காற்றை வைத்ததும் என் சட்டை முழுவதும் தெறித்தது, தள்ளி நில்லுங்கள் என்று நீங்கள் சொன்னதை அப்போதுதான் நினைத்தேன். விளக்கு சிறிது நேரம் நிலையாக எரிந்தது, ஸ்கேனரில் அழித்த பிறகு திரும்ப வரவில்லை.

ஒரு சந்தேகம். தெறித்தது வெறும் தண்ணீர் இல்லை, கறுப்பாக எண்ணெய் கலந்திருந்தது. காயில் ரப்பரும் பிசுபிசுத்தது.

குகை மெக்கானிக்:
அப்படியென்றால் டேப்பட் கவர், அதாவது எஞ்சினின் மேல்மூடி, அதன் பேக்கிங் இறுகிப்போய் எண்ணெய் கசிகிறது. அந்த வயதுக்கு வருவதுதான். நீங்கள் கழுவ நினைத்த அடையே அந்தக் கசிவில் ஒட்டிய புழுதிதான். கழுவியதில் தடயமும் போய்விட்டது. அழுக்கு எங்கே தடிமனாக இருக்கிறது, எங்கே ஈரமாக இருக்கிறது என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும். பிளக் குழியைச் சுற்றி வரும் வளைய சீலையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள்.

ஏற்காடு தோட்டத்துக்காரர்:
மேலே இருப்பவன் என்ற முறையில் ஒன்று. பானெட்டுக்குள் எலி கூடு கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். எங்கள் வண்டியில் காய்ந்த சில்வர் ஓக் இலையை அடுக்கி மெத்தை போட்டிருந்தது. கடித்த வயரின்மேல் தண்ணீர் பட்டால் இந்த மிஸ்ஸிங் எல்லாம் சின்ன விஷயம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
வெள்ளிக்கிழமை போய் வந்தேன், வண்டி நன்றாக ஏறியது. ஆனால் அந்த மெருகு டீசல் எஞ்சின் சூட்டில் வாடை கிளப்பி உள்ளே வந்தது. இறங்கும்போது மாமனார் பாதி வளைவிலேயே நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். "மாப்பிள்ளை, கார் அனுப்புகிறேன் என்று சொல்லி லாரியை எடுத்து வந்திருக்கிறீர்களே" என்றார். இந்த டீசலை நானே எப்படி எடுப்பது? பட்டறையில் வெள்ளிக்கு மெருகு போடப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் எப்போதும் இருக்கிறது, அது ஆகுமா?

குகை மெக்கானிக்:
பூந்திக்கொட்டை கொலுசுக்கு. சூட்டில் வெந்துபோன எண்ணெயை அது அசைக்காது. டீசலைக் கட்டாயம் எடுங்கள். ரப்பர் குழாய்கள் அதில் ஊறி உப்பும், எண்ணெய்ப் படலத்தில் புழுதி முன்பைவிட வேகமாக ஒட்டும், எஞ்சின் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டுக் குழாய்க்குப் பக்கத்தில் எரியும் பொருள் இருப்பதும் நல்லதல்ல. பெட்ரோல், மண்ணெண்ணெய்க்கும் இதே பதில்தான்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், தண்ணீரில் கலக்கும் டிகிரீசர் வாங்குங்கள், காஸ்டிக் சோடா கலந்தது வேண்டாம், அலுமினியத்தை அரிக்கும். எஞ்சின் உள்ளங்கையை வைத்தால் பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். கொதிக்கும் இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும், முழுக்க ஆறினால் பிசுக்கு இளகாது. மைனஸைக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பாக்ஸ், கம்ப்யூட்டர் பெட்டி, காயில் வரிசை, ஏர் ஃபில்டரின் வாய், பேட்டரி ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடி ரப்பர் பேண்ட் போடுங்கள். எத்தனை பை கட்டினீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

டிகிரீசரைக் கீழிருந்து மேலே தெளித்து ஐந்து நிமிடம் விடுங்கள், காயவிடக் கூடாது. பெயின்ட் பிரஷ், பழைய பல் பிரஷ் போதும். அலசுவதற்குத் துப்பாக்கி வேண்டாம், செடிக்கு ஊற்றும் பூவாளி வேகமே போதும். மூடிய இடங்களுக்கு ஈரத் துணிதான். கழுவிய எண்ணெய்த் தண்ணீர் சாக்கடைக்கோ கிணற்றடிக்கோ போகாமல் அடியில் சாக்கு விரியுங்கள்.

அஸ்தம்பட்டி ஆசிரியை:
கடைசி அலசலுக்குக் குடிதண்ணீர் ஒரு குடம் எடுத்து வையுங்கள். எங்கள் வீட்டு போர்த் தண்ணீர் காய்ந்தால் கறுப்பு பிளாஸ்டிக்கில் கோலம் போட்டதுபோல உப்பு நிற்கிறது.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை:
பேக்கிங்கை மாற்றிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சொன்னபடியே செய்தேன். மூன்று மணி நேரம் ஆனது. டீசல் வாடை போய்விட்டது, பேக்கிங் ஓரம் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வருகிறது.

ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி இருமி நின்றது. மறுபடியும் சாவியைத் திருப்பினேன், அதேதான். வயிற்றில் புளியைக் கரைத்தது. பழையபடி காயிலாக இருக்குமோ என்று ஸ்பேனரைத் தேடிக்கொண்டிருந்தேன். மகள் திண்ணையில் கிடந்த பைகளை எண்ணிப் பார்த்து, "அப்பா, ஆறு கட்டினீர்கள், இங்கே ஐந்துதான் இருக்கிறது" என்றாள். ஆறாவது ஏர் ஃபில்டர் வாயில் உறிஞ்சிக்கொண்டு ஒட்டியிருந்தது.