மறு: ‘தெறிப்பு உயவு’ சரியா? ‘இறைப்பு உயவு’ என்று ஒரு முன்மொழிவு

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

இரண்டு நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பழைய பெட்ரோல் என்ஜின்களில் இணைப்புத்தண்டின் (பிஸ்டனையும் கிராங்க் தண்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடு) அடிமுனையே எண்ணெயை எடுத்துத் தாங்கிகளை (பேரிங்குகளை) நனைக்கும் முறைக்கு, ஆங்கிலத்தில் splash lubrication என்பதற்கு, ‘தெறிப்பு உயவு’ என்று ஒருவரும் ‘சிதறல் உயவு’ என்று இன்னொருவரும் எழுதியிருந்தீர்கள். லூப்ரிகேஷனுக்கு ‘உயவு’ எனக்குச் சம்மதம்தான். ‘மசகு’ என்றால் எங்கள் ஊரில் மாட்டுவண்டி அச்சில் தடவும் கறுப்புக் களிம்புதான் கண்முன் வரும். ஓடுகிற எண்ணெய்க்கு அது ஒட்டாது. முன்பாதியில்தான் எனக்குச் சிக்கல். அங்கே ‘இறைப்பு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தச் சொல் எனக்கு ஒரு பட்டறையில் கிடைத்தது.

பாபநாசத்துக்கும் அய்யம்பேட்டைக்கும் நடுவில் எங்கள் வீடு. தாத்தா வைத்திருந்த 1947 செவ்ரோலெட் ஃபிளீட்மாஸ்டர் இன்னும் கொட்டகையில் நிற்கிறது, ஓடவும் செய்கிறது. அதன் என்ஜினில் ஆறு உருளைகளும் (சிலிண்டர்களும்) ஒரே வரிசை. கொள்ளளவு 216.5 கன அங்குலம், சுமார் மூன்றரை லிட்டர். 1937-இல் வந்த இந்த வடிவத்தில், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் தண்டை நான்கு முதன்மைத் தாங்கிகள் தாங்குகின்றன. மின்சாரம் 6 வோல்ட்.

இனி எண்ணெய் விஷயம். இந்த என்ஜினிலும் எண்ணெய்ப் பம்பு உண்டு. முதன்மைத் தாங்கிகளுக்கும் வால்வுகளை இயக்கும் கேம் தண்டின் தாங்கிகளுக்கும் அதுதான் எண்ணெய் அனுப்புகிறது. இணைப்புத்தண்டுகளுக்கு அந்த வழி கிடையாது. கிராங்க் தண்டுக்குள் அதற்கான துளையே போடவில்லை. ஒவ்வொரு இணைப்புத்தண்டின் அடிமூடியிலும் ஒரு சின்னக் கரண்டி இருக்கிறது. எண்ணெய்ச் சட்டிக்குள் ஒவ்வொரு கரண்டிக்கும் நேர்கீழே ஒரு சிறு தொட்டி. தண்டு கீழே வரும்போதெல்லாம் கரண்டி தொட்டியில் முங்கி எண்ணெயை அள்ளும். அள்ளியதில் ஒரு பங்கு துளை வழியாகத் தாங்கிக்குள் போகும், மீதி உருளைச் சுவரில் போய் விழும். வேகம் கூடினால் கரண்டி தொட்டியில் அள்ளுவது போதாது. அப்போது சட்டியில் பொருத்தியிருக்கும் பீச்சுமுனைகள் எண்ணெயை நேரே கரண்டியின் வாயில் அடிக்கும். தொட்டியின் ஆழம், பீச்சுமுனையின் குறி, கரண்டி வாயின் திசை, மூன்றும் சரியாக இருக்க வேண்டும். இதில் எதுவும் தற்செயல் கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன் என்ஜினைக் கழுவிச் சுத்தம் செய்ய ஒரு பட்டறையில் விட்டோம். வண்டி திரும்பி வந்த பத்தாம் நாள் ராடு அடிக்க, அதாவது இணைப்புத்தண்டு தட்ட, ஆரம்பித்தது. எண்ணெய் அழுத்தமானியில் முள் 14 பவுண்டில் நின்றது. அதைப் பார்த்த பட்டறைக்காரர் பம்பு போய்விட்டது என்றார். இன்றைய கார்களில் 40, 50 பார்த்துப் பழகிய கண்ணுக்கு 14 என்பது நோயாகத்தான் தெரியும். ஆனால் இந்த என்ஜினின் அழுத்தமானியே 30 பவுண்டோடு முடிகிறது. 14 அதற்கு நல்ல ஆரோக்கியம். அது தெரியாமல் கெட்டி எண்ணெய் ஊற்றினார்கள், பம்பின் சுருள்வில்லை மாற்றினார்கள். தட்டல் நிற்கவில்லை. கடைசியில் நாலாவது இணைப்புத்தண்டில் தாங்கியாக உருக்கி ஊற்றியிருந்த வெள்ளை உலோகம் இளகித் தேய்ந்து, கழற்றும்போது துணுக்குத் துணுக்காக வந்தது.

அப்புறம் கும்பகோணத்தில் வயதான ஒரு மேஸ்திரியிடம் கொண்டுபோனோம். அவர் சட்டியை இறக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கழுவும்போது கம்பி பிரஷ் பட்டு நாலாவது பீச்சுமுனை ஒரு நெல் அளவு வளைந்திருந்தது. எண்ணெய் கரண்டியைத் தாண்டி வேறெங்கோ போயிருக்கிறது. அவர் சொன்னது அப்படியே நினைவில் இருக்கிறது: “பம்புல ஒண்ணும் இல்ல தம்பி. இது எறைக்கிற என்ஜின். கூடைக்குத் தண்ணி எட்டலைன்னா எறைக்கிறவன் என்ன பண்ணுவான்?”

நாம் தேடும் சொல் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

‘தெறிப்பு’ என்றால் அதைச் செய்கிறவர் யாரும் இல்லை. பஸ் போகும்போது சேறு தெறிக்கிறது, உலையில் பொறி தெறிக்கிறது. தானாக நடக்கும் காரியம். ‘தெறிப்பு உயவு’ என்று படிக்கும் பையன், சட்டியில் எண்ணெய் இருந்தால் போதும், மீதி அதுவாக நடக்கும் என்றுதான் புரிந்துகொள்வான். ‘சிதறல்’ இன்னும் மோசம். அதில் வீணாவதன் சாயல் இருக்கிறது. ‘இறைப்பு’ அப்படியில்லை. இறைப்பதற்குக் கூடை வேண்டும், அது முங்கும் அளவுக்கு நீர்மட்டம் வேண்டும், கை ஓட்டத்தில் ஒரு தாளம் வேண்டும், கொட்டுவதற்கு ஓர் இடம் வேண்டும். என்ஜின் கேட்பதும் இவற்றைத்தான்.

இன்னொன்றும் உண்டு. இறைத்தல் என்ற வினைக்குத் தமிழில் இரண்டு பொருள். கிணற்றில் நீர் இறைக்கிறோம், அது எடுப்பது. பணத்தை வாரி இறைக்கிறோம், அது வீசுவது. இந்தக் கரண்டி செய்யும் இரண்டு வேலையும், அள்ளுவதும் வீசுவதும், ஒரே சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன. ‘தெறிப்பு’ பின்வேலையை மட்டும்தான் சொல்கிறது.

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஓர் எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது. கல்லணையிலிருந்து இறங்கும் தண்ணீர் ஆறு, வாய்க்கால், மடை என்று சரிவிலேயே வயலுக்கு வந்து சேர்ந்தால் அது பாய்ச்சல். வயல் மேடாக இருந்து வாய்க்கால் பள்ளத்தில் ஓடினால் இறைப்பு. அப்பா காலத்தில் தண்ணீர் குறைந்த வருடங்களில் நாற்றங்காலுக்கு இரண்டு பேர் எதிரெதிரே நின்று, இறைகூடையின் கயிறுகளைப் பிடித்து வீசி இறைப்பார்களாம். மட்டம் ஒரு சாண் இறங்கினால் கூடை காற்றைத்தான் அள்ளும் என்பார் அப்பா. செவ்ரோலெட்டும் பின்னால் பாய்ச்சலுக்கு மாறியது. 1953-இல் தானியங்கிக் கியர் வண்டிகளுக்கு மட்டும், 1954-இல் எல்லாக் கார்களுக்கும், கிராங்க் தண்டில் துளை போட்டு, அழுத்தத்தில் எண்ணெய் ஓடும் 235 கன அங்குல என்ஜின் வந்தது. இணைப்புத்தண்டில் ஊற்றிய வெள்ளை உலோகத்துக்குப் பதில் கழற்றி மாற்றும் தாங்கிகளும் அதோடு வந்தன. ‘இறைப்பிலிருந்து பாய்ச்சலுக்கு மாறினார்கள்’ என்று ஒரு வரியில் சொன்னால் பாபநாசத்தில் எந்த மெக்கானிக்குக்கும் விளங்கும். ஆனாலும் ‘அழுத்த உயவு’ ஊன்றிவிட்ட சொல், அதை மாற்றச் சொல்ல மாட்டேன். துளைவழிக்கு மட்டும் ‘எண்ணெய் வாய்க்கால்’ என்று எழுத விரும்புகிறேன்.

‘இறவை உயவு’ என்று ஏன் வைக்கவில்லை என்று யாராவது கேட்கலாம். வேளாண்மையில் ‘இறவை’ என்றால் பாசனம் உள்ள பயிர், மானாவாரிக்கு மறுதலை. அந்தப் பொருள் பரவிவிட்டதால் அதைத் தொடாமல் விடுவது நல்லது. ‘நீரிறைப்பு’ என்பதோடு குழப்பம் வருமா என்றால், வராது என்றே நினைக்கிறேன். ‘உயவு’ என்ற பின்சொல் காவலாக நிற்கிறது.

பழைய காருக்கு மட்டும் பயன்படும் சொல்லுக்கு இவ்வளவு பேச்சா என்றும் தோன்றலாம். லிஸ்டர் வகை டீசல் என்ஜின் இன்னும் பல போர்செட் கொட்டகைகளில் ஓடுகிறது. அதிலும் இணைப்புத்தண்டின் அடியில் கரண்டிதான். தூக்கிப் போகும் சின்னப் பெட்ரோல் பம்புசெட் என்ஜின்களில் பெரும்பாலானவையும் இதே முறைதான். சாய்வான வரப்பில் வைத்து ஓட்டினால் அவை ஏன் கெடுகின்றன என்பதற்குக் காரணமும் இதுவே: எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கிக் கரண்டிக்கு எட்டாமல் போகிறது. வெளியே தண்ணீர் இறைக்கும் என்ஜின் உள்ளே எண்ணெய் இறைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தச் செவ்ரோலெட் என்ஜினின் மற்ற கோளாறுகளுக்குப் புதுச்சொல் பெரிதாகத் தேவையில்லை. மேலே வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களுக்குப் போகும் எண்ணெய் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஏறுவதால் கசடு சேர்ந்து குழாய் அடைத்துக்கொள்ளும். ராக்கர் வறண்டு கீச்சிடும். எண்ணெய் வடிகட்டி அந்தக் காலத்தில் விருப்பப்பட்டவர் தனியாக வாங்கிப் பொருத்துவது, எங்கள் வண்டியில் இல்லவே இல்லை. ஆகவே எண்ணெயை அடிக்கடி மாற்றுவது ஒன்றே வழி. சித்திரை வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நிற்பதற்கு ‘ஆவியடைப்பு’ போதும். பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றினால் கிளம்பிவிடும். ஸ்டார்ட் ஆக முக்கினால் பாட்டரியைக் குறை சொல்வதற்கு முன் கம்பியைப் பார்க்க வேண்டும். 6 வோல்ட்டுக்குத் தடித்த கம்பி வேண்டும், 12 வோல்ட் வண்டியின் மெல்லிய கம்பியைப் போட்டால் மோட்டார் சோர்ந்துதான் சுற்றும். தாங்கியில் உருக்கி ஊற்றும் வெள்ளீயம், ஆண்டிமனி, செம்புக் கலவைக்கு ‘வெள்ளை உலோகம்’ நன்றாகவே இருக்கிறது, லேத்துப் பட்டறைகளில் ‘ஒயிட் மெட்டல்’ என்பதும் அதுதான். 1839-இல் அதை உருவாக்கிய ஐசக் பாபிட்டின் பெயரால் ‘பாபிட்’ என்று எழுதினாலும் தவறில்லை.

ஆக என் முன்மொழிவு: முறைக்கு ‘இறைப்பு உயவு’, கரண்டிக்கு ‘இறைகரண்டி’, அது முங்கும் தொட்டிக்கு ‘இறைதொட்டி’. இதில் மூன்றாவதில்தான் எனக்கு முழுத் திருப்தி இல்லை. தொட்டி என்றால் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் அளவில் மனதில் வருகிறது. இதுவோ உள்ளங்கைக்குள் அடங்கும். வாய்க்கால் ஓரத்தில் இறைகூடை முங்குவதற்காகத் தோண்டும் சிறு குழிக்குத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் தனிப்பெயர் இருந்தால் எழுதுங்கள். பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.