வால்மீன் படத்தில் செயற்கைக்கோள் கோடுகள்: வால் சிதையாமல் நீக்குவது எப்படி?

வணக்கம். 2024 அக்டோபர் 20 அன்று சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீனை எடுத்த படங்களை ஒன்றுசேர்க்கும்போது செயற்கைக்கோள் கோடுகள் போகவே மாட்டேன் என்கின்றன.

இடம் கொடைக்கானல் பக்கம் பூம்பாறை. மாலை 7 மணிக்கு மேல், மேற்கே வெள்ளிக் கோளுக்கு வலப்பக்கம் நல்ல உயரத்தில் இருந்தது. கேனான் 1500டி, 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ 1600, ஒவ்வொன்றும் 4 விநாடி. வான் நகர்வுக்கு ஏற்பக் கேமராவைத் திருப்பும் டிராக்கர் இல்லை, வெறும் முக்காலிதான். மேகம் மூடுவதற்குள் 32 படம் கிடைத்தது. இருட்டிய புதிதில் நமக்குத்தான் இரவு, மேலே செயற்கைக்கோள்கள் மீது இன்னும் வெயில் படுகிறது. அதனால் 9 படங்களில் கோடு. 14-வது படத்தில் ஒன்று, பிளேடால் இழுத்த மாதிரி, வால்மீனின் தலையை ஒட்டியே போகிறது. அந்தப் படத்தில்தான் வால் மிக நீளமாகத் தெரிகிறது. அதைத் தூக்கிப்போட மனசு வரவில்லை.

படங்களை ஒன்றுசேர்க்கும் டீப்ஸ்கைஸ்டேக்கர் மென்பொருளில் வால்மீனை மையமாக வைத்துக் கப்பா-சிக்மா (மற்றப் படங்களிலிருந்து மிகவும் விலகும் புள்ளிகளைக் கழித்துச் சராசரி எடுக்கும் முறை) போட்டேன், மங்கலாகக் கோடு மிஞ்சுகிறது. எவ்வளவு விலகினால் கழிக்க வேண்டும் என்ற அளவான கப்பாவை 1.5-க்குக் குறைத்தால் கோடு போகிறது, கூடவே வாலின் நுனியும் போகிறது. எல்லாப் படங்களின் நடு மதிப்பை எடுக்கும் மீடியன் முறையில் கோடு இல்லை, ஆனால் வால் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அப்புறம் கோடு விழுந்த அந்த 9 படங்களையும் சேர்க்காமல் விட்டுப் பார்த்தேன், வால் பாதியாகிவிட்டது.

இந்த வால்மீன் என் ஆயுசுக்குள் திரும்பி வராது, மறுபடி எடுக்க வழியில்லை. சேர்ப்பதற்கு முன்பே 9 படங்களிலும் கோட்டை மட்டும் மறைத்து, அதன் கீழே உள்ள வாலைக் காப்பாற்ற எந்த மென்பொருளில், எப்படிச் செய்யலாம்?