நிச்சயதார்த்த மோதிரம்: 22 கேரட்டா, 18 கேரட்டா, பிளாட்டினமா?

கேள்வி:
வரும் தை மாதம் எனக்கு நிச்சயதார்த்தம். ஒற்றை வைரம் பதித்த மோதிரம் வாங்க வேண்டும். "நகை என்றால் 916 தான், 18 கேரட் வாங்கினால் விற்கும்போது நட்டம்" என்கிறார் அம்மா; கடைக்காரரோ வெள்ளைத் தங்கத்தையும் பிளாட்டினத்தையும் மாற்றி மாற்றிக் காட்டுகிறார். மணப்பெண் செவிலியர் என்பதால் நாள் முழுவதும் கை கழுவுவதும் கையுறை அணிவதுமாக இருப்பவர். கவரிங் தோடு போட்டால் அவருக்குக் காது அரித்துப் புண்ணாகிவிடும். எதை வாங்குவது?

மறுமொழி (நகைப் பட்டறை நடத்துபவர்):
கல் இல்லாத மோதிரம் என்றால் தங்கள் அம்மா சொல்வதுதான் சரி. ஆனால் கல் பதிப்பதென்றால் கதை வேறு. 22 கேரட்டில் 91.6 விழுக்காடு தங்கம் இருப்பதால் அது மென்மையானது; வைரத்தைப் பிடித்திருக்கும் நகங்களோ குண்டூசித் தலையளவே உள்ளவை. அவை சேலையிலும் கையுறையிலும் சிக்கிச் சிறிது சிறிதாக நிமிர்ந்து, ஒரு நாள் மோதிரம் கையில் இருக்கக் கல் மட்டும் காணாமல் போயிருக்கும். 18 கேரட்டில் 75 விழுக்காடு தங்கம். மீதி செம்பும் வெள்ளியும் சேர்வதால் நகம் உறுதியாக நிற்கும்.

வெள்ளைத் தங்கத்தை இவருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் காணும் பளிச்சென்ற வெண்மை பெரும்பாலும் மேலே ஏற்றிய ரோடியம் முலாமின் நிறம். ஓயாமல் கழுவும் கையில் அது உள்பக்கத்திலிருந்து தேய்ந்து, அடியிலுள்ள இளமஞ்சள் தெரியத் தொடங்கும், பிறகு மீண்டும் முலாம் பூச வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது, சில வெள்ளைத் தங்கக் கலவைகளில் நிக்கல் உண்டு என்பது. கவரிங்கில் காது அரிப்பதற்கும் பல நேரங்களில் நிக்கல்தான் காரணம். மருத்துவமனையில் புழங்கும் பிளீச்சிங் கரைசலும் இத்தகைய கலவையை அரித்து விரிசல் விடச் செய்யும். வெள்ளை நிறம்தான் வேண்டுமென்றால், நிக்கலுக்குப் பதிலாகப் பல்லேடியம் என்ற உலோகம் கலந்த தங்கமா என்று கேட்டு அதை ரசீதில் எழுதி வாங்குங்கள்.

மறுமொழி (பிளாட்டினம் அணிபவர்):
ஒவ்வாமைக்கு அஞ்சுபவர்களுக்குப் பிளாட்டினம் நல்ல தேர்வு. 950 முத்திரை இருந்தால் அதில் 95 விழுக்காடு பிளாட்டினம், முலாமும் தேவையில்லை. ஆனால் கீறலே விழாது என்று விற்பனையாளர் சொன்னால் நம்ப வேண்டாம். கீறல் விழும், பளபளப்பு மங்கும். உலோகம் அதிகம் தேயாமல் ஓரமாக ஒதுங்கும் என்பதே அதன் சிறப்பு. அடர்த்தி மிகுந்ததால், ஒரே வடிவத்தை 18 கேரட்டில் செய்வதைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடை கூடும். தங்கம் 1064 பாகை செல்சியசில் உருகும், பிளாட்டினத்துக்கு 1768 வேண்டும். ஆகவே பின்னாளில் விரல் அளவு மாறினால் எல்லாப் பட்டறையிலும் அளவு திருத்தித் தர மாட்டார்கள்.

மறுமொழி (செவிலியர்):
உலோகத்துக்கு முன்னால் வடிவத்தை முடிவு செய்யுங்கள். உயர்ந்து நிற்கும் கல் கையுறையைக் கிழிக்கும். பணி நேரத்தில் கல் மோதிரத்தையே அனுமதிக்காத மருத்துவமனைகளும் உண்டு. நகம் இல்லாமல், கல்லைச் சுற்றி விளிம்பை மடித்துத் தாழ்வாகக் கட்டும் முறையே நல்லது.

மறுமொழி (பட்டறைக்காரர் மீண்டும்):
ஆம், அந்தக் கட்டு என்றால் 22 கேரட்டும் ஓரளவு தாங்கும். இருந்தும் அன்றாட உழைப்புக்கு 18 கேரட் மஞ்சள் தங்கமே என் தேர்வு. விற்கும்போது நட்டம் என்ற கவலையைப் பொறுத்தவரை, 18 கேரட்டுக்கு அதிலுள்ள தங்கத்தின் அளவுக்கேற்ற விலையைக் கொடுத்தே வாங்குகிறீர்கள், அதே கணக்கில்தான் விற்பீர்கள். கையை விட்டுப் போவது செய்கூலியும் சேதாரமும், அவை 916-க்கும் உண்டு. மோதிரத்தின் உள்பக்கத்தில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரை, 18கே750 என்ற குறி, ஆறு எழுத்து-எண் கொண்ட எச்யுஐடி (அந்த நகைக்கே உரிய அடையாள எண்) ஆகிய மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். அந்த எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். ரசீதில் கல்லின் எடையையும் தங்கத்தின் நிகர எடையையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் கல்லுக்கும் தங்க விலை போட்டுவிடுவார்கள்.