புதுப்பிப்பு: பழைய லின் எல்பி12-ஐ வைத்துக்கொள்வதா, புதிய டர்ன்டேபிள் வாங்குவதா?

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: என்னிடம் எண்பதுகளில் வந்த லின் சோண்டெக் எல்பி12 டர்ன்டேபிள் (இசைத்தட்டைச் சுழற்றும் கருவி) இருக்கிறது. மரத்தரையில் யாராவது நடந்தாலே ஊசி தாவுகிறது. இதையே சரிசெய்வதா, ஸ்பிரிங் இல்லாத கனமான புதியது வாங்குவதா?

சுவர் அலமாரி யோசனைதான் பலித்தது. செங்கல் சுவரில் அடித்து மேலே வைத்த அன்றே தாவல் நின்றுவிட்டது. சுழல்தட்டையும் டோன்ஆர்மையும் (ஊசியைத் தாங்கும் கை) தாங்கும் சட்டம் இதில் மூன்று ஸ்பிரிங்குகளில் நிற்கிறது. வேகமான சிறு அதிர்வை அது வடிகட்டிவிடும். மரத்தரையின் மெதுவான ஆட்டத்துக்கோ கூடவே சேர்ந்து ஆடும். கனமான மேசை உதவாததற்கு அதுதான் காரணம்.

எதிர்பாராதது ஒன்று. டோன்ஆர்ம் கேபிள் விறைப்பாக வளைந்து சட்டத்தை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. அதைத் தளர்த்தி, தட்டு பக்கவாட்டில் அசையாமல் மேலும் கீழும் மட்டும் ஆடும்வரை ஸ்பிரிங் நட்டுகளைத் திருப்பினோம். பொறுமையைச் சோதிக்கும் வேலை!

சரி, புதியதோடு போட்டி? நண்பரின் கனமான டர்ன்டேபிளில் அதே கார்ட்ரிட்ஜை (ஊசி பொருந்திய சிறு பாகம்) மாட்டிக் கேட்டோம். பியானோவின் நீண்ட சுரங்களும் அடி பாஸும் அதில் இன்னும் உறுதி. குரலில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. விற்கப்போவதில்லை. 1972-இல் வந்த வடிவமைப்பு என்றாலும், 2020-இல் வெளியான கரூசல் பேரிங்கைக்கூட (சுழல்தட்டின் அச்சைத் தாங்கும் பாகம்) பழையதில் பொருத்தலாம். அடுத்த செலவு அதுதான்.

அலமாரியை ஜிப்சம் பலகைத் தடுப்பில் மட்டும் அடித்துவிடாதீர்கள்.