உதவி: வரிசையை மாற்றினால் மூன்றாவது அடி சொதப்புகிறது

தண்டையார்பேட்டை_தேவ்
அவசரம். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நடக்கிற சண்டை கேம் செய்கிறேன். குத்து, உதை, சிலம்பம் எல்லாம் சேர்த்து 20 அடி. எதற்குப் பிறகு எது என்று விளையாடுபவரே மூன்று மூன்றாக அடுக்கிக்கொள்ளலாம். நான் அடுக்கினால் சரியாக ஓடுகிறது. நண்பன் அடுக்கினால் மூன்றாவது அடி லேட்டாக வருகிறது, சில சமயம் வருவதே இல்லை, ஆளும் வழுக்குகிறான். பட்டனை விட்ட பிறகு ஒரு குத்து தானாக விழுகிறது. திங்கள்கிழமை காலேஜில் காட்டணும்.

பேசின்பிரிட்ஜ்_பக்
எந்த என்ஜினில் கேம் செய்கிறீர்கள்? 2டியா 3டியா? கீபோர்டா, கன்ட்ரோலரா?

கோட்_சிங்கம் (பழைய உறுப்பினர்)
வாரம் ஒருவர் இப்படி வருகிறார். என்ஜின் பேரைக்கூடச் சொல்லாதவருக்கு 20 அடி எதற்கு? முதலில் பாங் மாதிரி ஒரு கேமை முழுசாக முடியுங்கள். 1972-இல் வந்தது, இரண்டு மட்டை, ஒரு பந்து. அது வந்தால் இது வரும்.

லூப்_லோகு
பட்டனை FixedUpdate என்கிற இடத்தில் படிக்கிறீர்கள், அதுதான் காரணம். யூனிட்டி அதை வழக்கமாக நொடிக்கு 50 தடவைதான் ஓட்டும். திரை நொடிக்கு 60 தடவை மாறினால் சில அழுத்தல்கள் காணாமல் போகும். நூறு பேருக்கு இதைச் சொல்லிவிட்டேன்.

பேசின்பிரிட்ஜ்_பக்
அவர் யூனிட்டி என்று இன்னும் சொல்லவே இல்லையே லோகு.

தண்டையார்பேட்டை_தேவ்
யூனிட்டிதான், 3டி, கீபோர்டு. பட்டனை, திரை மாறும் ஒவ்வொரு தடவையும் ஓடுகிற Update-இல்தான் படிக்கிறேன். எந்த அடியிலிருந்து எதற்குத் தாவும் என்று பெட்டியும் அம்புமாகக் காட்டுகிற அனிமேட்டர் படம் போட்டிருக்கிறேன், பாருங்கள்.

மணலி_மோஷன்
தம்பி, இது அனிமேட்டரா, சிக்கெடுக்காமல் கரையில் போட்ட வலையா? 20 அடியும் ஒன்றுக்கொன்று தாவ வேண்டுமென்றால் 380 அம்பு வேண்டும். படத்தில் அவ்வளவு இல்லை. நண்பன் அடுக்கிய ஜோடிக்கு அம்பே இல்லாதபோதுதான் அடி வராமல் போகிறது.

லேட்டாக வருவது வேறு கதை. புதிதாக இழுக்கிற ஒவ்வொரு அம்பிலும் ‘ஹாஸ் எக்ஸிட் டைம்’ டிக்கோடுதான் வரும். அது இருந்தால் முந்தைய அடி குறிப்பிட்ட அளவு ஓடும்வரை அடுத்தது தொடங்காது. உன் வரிசைக்கு மட்டும் எப்போதோ டிக்கை எடுத்திருப்பாய்.

தானாக விழும் குத்துக்குக் காரணம் ட்ரிக்கர், அதாவது பட்டனை அழுத்தியதும் அனிமேட்டருக்குப் போகிற சிக்னல். ஏதாவது ஒரு அம்பு எடுத்துக்கொள்ளும்வரை அது காத்துக்கொண்டே நிற்கும். வரிசை முடிந்ததும் ResetTrigger போட்டு அதை அழித்துவிடு.

அப்புறம், அம்பு இழுப்பதையே விட்டுவிடு. அடி 1, அடி 2, அடி 3 என்று மூன்றே ஸ்டேட், அதாவது மூன்றே பெட்டி வை. விளையாடுபவர் தேர்ந்தெடுத்த அடியின் அனிமேஷன் கிளிப்பை, பெட்டியை விட்டுவிட்டுக் கிளிப்பை மட்டும் மாற்றுகிற ஓவர்ரைடு கன்ட்ரோலர் மூலம் அதில் மாட்டு.

கோட்_சிங்கம் (பழைய உறுப்பினர்)
CrossFade என்று கோடில் ஒரே வரி எழுதினால் எந்த அடிக்கும் நேராகத் தாவலாம், அம்பே தேவையில்லை. இதற்கு இவ்வளவு பெரிய பதிவா?

ராயபுரம்_ரவுண்டு
கேம் எனக்குத் தெரியாது. ஆனால் வடசென்னை ஆள் ஏன் உதைக்கிறான்? சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பாக்ஸிங்குக்காகப் பரம்பரை பரம்பரையாகக் கையுறை மாட்டிய ஊர் இது.

கம்பு_வாத்தியார்
அதற்காக இந்தப் பக்கம் சிலம்பம் யாருமே சுற்றவில்லையா? எங்கள் ஆசான் கம்பைக் கையில் கொடுக்கும் முன் காலடி போட வைத்தே முட்டியைக் கழற்றிவிட்டார்.

ராயபுரம்_ரவுண்டு
சுற்றுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? கம்பைப் பிடித்த கையால் ஹூக், அதாவது பக்கவாட்டுக் குத்து எப்படிப் போடுவான், அதைச் சொல்லுங்கள்.

கம்பு_வாத்தியார்
கம்பைக் கீழே போட்டுவிட்டுப் போடுவான்!

ராயபுரம்_ரவுண்டு
சரி, அந்தக் காலடி விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். தேவ், உன் ஆள் வழுக்குவது காலால்தான். இடது கால் முன்னால் வைத்து நிற்பவன் வலது நேர்க்குத்து விட்டால் பின்குதிகால் திரும்பும், எடை முன்காலுக்கு வந்துவிடும். அங்கிருந்து இடது ஹூக் தானாக வரும். மறுபடியும் வலது நேர்க்குத்து என்றால் எடையைப் பின்னால் வாங்கித்தான் விட முடியும். எதையும் எதோடும் ஒட்டினால் கால் இழுபடாமல் என்ன செய்யும்?

மணலி_மோஷன்
அண்ணன் கேம் தெரியாது என்று சொல்லிவிட்டு அப்சால்வரை விளக்கிவிட்டார். 2017-இல் வந்த கேம் அது. ஆள் நிற்க நான்கு நிலை. ஒவ்வொரு அடியும் ஒரு நிலையில் தொடங்கி எந்த நிலையில் முடிகிறது என்பது முன்பே தீர்மானமாகி இருக்கும். முடிகிற நிலையில் தொடங்குகிற அடியைத்தான் அடுத்து அடுக்க முடியும். உன் 20 அடிக்கும் ‘தொடக்கக் கால்’, ‘முடிவுக் கால்’ என்று இரண்டு விவரம் சேர். பொருந்தாததை மெனுவிலேயே மங்கலாகக் காட்டு.

லூப்_லோகு
எதற்கும் FixedUpdate-ஐ ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_தேவ்
டிக் எடுத்தேன், மூன்றாவது அடி வருகிறது. தானாக விழும் குத்தும் நின்றுவிட்டது. கால் விஷயம் திங்களுக்கு அப்புறம். நன்றி அண்ணா.

பேசின்பிரிட்ஜ்_பக்
அத்தனை அம்பிலும் ஒவ்வொன்றாகவா டிக் எடுத்தாய்?